காய்ச்சல் கண்ட பிள்ளையும் பள்ளிக்கூட வாசலும்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நோய் அண்டாமல் காப்பது யார் பொறுப்பு என்று நம் வியாபாரப் பெருமக்களைக் கேட்டால், தலைமையாசிரியர் என்பார் ஒருவர், கல்வி அமைச்சு என்பார் மற்றொருவர், சுகாதார இலாகா என்பார் வேறொருவர். கடையைத் திறக்கும் அவசரத்தில் இருப்பவரோ, "அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இவர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வகுப்பறையில் நோய் நுழைவதும் நுழையாமற் போவதும் பெரும்பாலும் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, நம் வீட்டு அடுப்படியில் தீர்மானமாகி விடுகிறது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த தாய் என்ன செய்கிறாள், அவள் சொன்னதைக் கேட்ட தகப்பன் என்ன பதில் சொல்கிறார் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபரில் இந்நாட்டுப் பள்ளிகளில் சுமார் 6,000 மாணவர்களுக்கு இன்ஃபுளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் கண்டிருப்பதாகக் கல்வி அமைச்சு தெரிவித்தது. சில பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. எஸ்.பி.எம். பரீட்சை நெருங்கி வந்த நேரம் அது. கோவிட் கொள்ளை நோயின்போது படித்த பாடங்களை நாம் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம் என்பதை அந்த வாரங்கள் காட்டின. முகக்கவசப் பெட்டிகள் கடை அலமாரியின் பின்புறம் தூசி படிந்து கிடந்தன. இருமும் பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிப் பேருந்தில் ஏறினார்கள்.

செலாயாங்கில் வாழும் நாம் மறக்கக் கூடாதவர்கள். 2020 மார்ச் 11இல் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஏப்ரல் 7இல் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்னும் இரு கட்டடங்களும் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. நம்மவர் பலர் அங்கே குடியிருந்தார்கள்; வேறு பலருக்கு அங்கே வியாபாரத் தொடர்பு இருந்தது. அதே மாதம் முடிவதற்குள் செலாயாங்கில் உள்ள கோலாலம்பூர் மொத்த வியாபாரச் சந்தையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளும் அவ்வாறே அடைக்கப்பட்டன. தலைநகரத்துச் சமையலறைகளுக்குக் காய்கறியும் மீனும் அனுப்பிய இடம், தன் வாசலில் ராணுவத்தினரும் போலீசாரும் காவல் நிற்கக் கண்டது. விடிவதற்கு முன்பே லோரிகள் வந்து நிற்பதும், ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் முறை வைத்துப் படுத்துறங்குவதும் அந்தச் சந்தையின் இயல்பாக இருந்தன. நோய்க்கு வேறென்ன வசதி வேண்டும்?

பள்ளிகளின் கதையையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மார்ச் 18இல் மூடிய பள்ளிகள், 2020 ஜூன் 24இல் பரீட்சை வகுப்புகளுக்கு மட்டும் திறந்தன. ஜூலையில் மற்ற வகுப்புகள் வந்து சேர்ந்தன. அக்டோபர் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மீண்டும் மூடல். நவம்பர் 9 முதல் நாடு முழுவதும் மூடல். 2021 மார்ச்சில் தொடக்கப் பள்ளிகள் திறந்தன. மே மாதம் மறுபடியும் பூட்டு. அக்டோபரில்தான் படிப்படியாக, அதுவும் வகுப்பைப் பிரித்து வாரம் மாற்றி வாரம் என்ற முறையில், பிள்ளைகள் திரும்பினார்கள். 2020இல் நடக்க வேண்டிய யு.பி.எஸ்.ஆர். பரீட்சை ரத்தாகி, மறு வருடம் அந்தப் பரீட்சையே ஒழிந்தது. எஸ்.பி.எம். எழுத வேண்டியவர்கள் 2021 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

இந்த மூடல்களால் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு என்பதை அளந்து சொல்வது எளிதன்று. 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், வீட்டிலிருந்து பாடம் படிக்கக் கைப்பேசியோ கணினியோ எதுவுமே இல்லாத மாணவர்கள் 36.9 சதவீதம் என்று கண்டது. சாப்பாட்டுக் கடையில் தகப்பனாருக்கு வரும் ஆர்டர்களும், மூன்று பிள்ளைகளின் பாடங்களும் ஒரே கைப்பேசியில் நடந்த வீடுகளை நாம் அறிவோம். ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிய வேண்டிய பிள்ளை, மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் திணறியதைப் பல பெற்றோர் பார்த்தார்கள். ஆகவே நோய்க்குப் பயந்து பள்ளியைப் பூட்டுவது கடைசி மருந்தாக இருக்க வேண்டுமே தவிர முதல் மருந்தாக இருக்கலாகாது. பள்ளி திறந்தே இருக்க வேண்டுமாயின், நோயுற்ற பிள்ளை அந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டும். இதைச் சொல்வது சுலபம். செய்வது ஏன் கடினமாக இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கோவிட், இன்ஃபுளுவென்சா இரண்டும் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகவே பரவுகின்றன. நோயுற்றவர் பேசும்போதும், பாடும்போதும், இருமும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளிப்படுகின்றன. பெரியவை அருகிலேயே விழுந்துவிடும். மிகச் சிறியவை ஊதுபத்திப் புகை போல மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். ஊதுபத்தி ஏற்றிய அறையில் ஜன்னலைத் திறந்தால் மணம் கலைவது போல, திறந்த அறையில் நோய்க்கிருமியும் கலைந்துபோகிறது. தொடக்கத்தில் மேசை நாற்காலிகளையும் கதவுப் பிடிகளையும் துடைப்பதில் உலகமெங்கும் பெரும் உழைப்பும் பணமும் செலவாயின. சந்தைச் சாலைகளில் கூட மருந்துநீர் பீய்ச்சினார்கள். இந்நோய்க்குக் காற்றே முக்கிய வழி என்பதைப் பெரிய நிறுவனங்கள் தெளிவாக ஒப்புக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஜப்பானியர் மட்டும் 2020இன் தொடக்கத்திலேயே மூடிய இடம், நெரிசலான இடம், நெருங்கிப் பேசும் இடம் என்ற மூன்றையும் தவிர்க்கும்படி தம் ஜனங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். புத்தியுள்ள யோசனை, கைக்காசும் செலவில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. கோவிட் கண்டவரிடமிருந்து, காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே நோய் பிறருக்குப் பரவத் தொடங்குகிறது. இன்ஃபுளுவென்சாவில் ஒரு நாள் முன்பே தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரவும். சிறு பிள்ளைகளிடம் இன்னும் சில நாள் நீடிக்கும். 2020இல் பள்ளி வாசலில் நின்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் சூடு பார்க்கும் கருவியை நீட்டினார்கள். 37.5 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால் தனியறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காய்ச்சல் வருவதற்கு முந்திய நாளில் இருக்கும் பிள்ளையை அக்கருவி கண்டுபிடிக்காது. மேலும், காலையில் ஒரு பெனடோல் மாத்திரை விழுங்கிவிட்டு வந்த பிள்ளையின் நெற்றி, வாசலைக் கடக்கும் நேரத்தில் குளிர்ந்தே இருக்கும். பத்து மணிக்கு மருந்தின் வேகம் குறையும்போது அது நாற்பது பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்திருக்கும். வாசற்காவலை ஏமாற்றியது கிருமி என்று சொல்வதா, நாம் என்று சொல்வதா?

ஒட்டகங்களை உடையவர், தம் நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் ஓட்டிக்கொண்டு வரலாகாது என்னும் கருத்துள்ள நபிமொழியை நம் ஆலிம்கள் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கட்டளை உடைமையாளரை நோக்கியது என்பதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். தண்ணீர்த் துறையின் காவலாளி சோதித்து அனுப்பட்டும் என்று அது விட்டுவிடவில்லை. எந்த ஒட்டகம் நோயுற்றது என்பதை முதலில் அறிந்தவர் அதன் சொந்தக்காரரே. பிள்ளையின் உடல் சூட்டை முதலில் அறிபவர் பெற்ற தாயே.

அப்படியாயின், அறிந்த தாய் ஏன் அனுப்புகிறாள்? அவளைக் குறை சொல்வதற்கு முன் அவள் இருக்கும் நிலையைப் பார்க்க வேண்டும். கணவர் ஐந்து மணிக்கே சந்தைக்குப் போய்விட்டார். அவளும் எட்டு மணிக்குக் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இல்லை. இருந்தாலும் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், அவர்களிடம் காய்ச்சல்காரப் பிள்ளையை விடவும் அச்சம். வியாழக்கிழமை பரீட்சை. தொடர்ந்து வராவிட்டால் ஆசிரியை கடிந்துகொள்வார். கிளினிக்குக்குப் போனால் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்க அரை நாள் போகும். இத்தனையும் ஒரு தட்டில், பிள்ளையின் லேசான சூடு மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா! உண்மையைச் சொன்னால் நஷ்டம், மறைத்தால் லாபம் என்று ஆகிவிட்ட இடத்தில் ஜனங்கள் மறைக்கவே செய்வார்கள். உபதேசத்தால் மட்டும் அதை மாற்ற முடியாது.

சரித்திரம் முழுவதும் இதற்குச் சாட்சி இருக்கிறது. 1897இல் பம்பாய் மாகாணத்தில் பிளேக் நோய் பரவியபோது, பூனா நகரில் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? செலாயாங்குக்கு அடுத்த சுங்கை பூலோவில், 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1926ஆம் வருடச் சட்டப்படி, அந்நோய் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கலாம் என்றாகிவிட்டது. குடும்பத்தை விட்டுப் பிரிவது நிச்சயம் என்று தெரிந்தபின் தோலில் தோன்றிய தழும்பைத் தானாக எவர் காட்டுவார்? நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்திறங்கிய காலத்தில், புலாவ் ஜெரஜாக் தீவின் குவாரண்டைன் நிலையத்துக்குப் பயந்து, கப்பலில் காய்ச்சல் கண்டதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கோவிட் காலத்திலும் அதையே கண்டோம். 2020 பிப்ரவரிக் கடைசியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த தப்லீக் இஜ்திமாவில் சுமார் 16,000 பேர் கலந்துகொண்டார்கள். அதிலிருந்து கிளைத்த தொடரில் 3,375 பேருக்கு நோய் கண்டதாக, அத்தொடர் முடிவடைந்த ஜூலையில் சுகாதார அமைச்சு கணக்குச் சொன்னது. கலந்துகொண்டவர்கள் தாமாக முன்வந்து சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அமைச்சு கேட்டுக்கொண்டபோது பல்லாயிரம் பேர் முன்வந்தார்கள். தயங்கியவர்களும் இருந்தார்கள். தொப்பியும் ஜிப்பாவும் அணிந்தவரைக் கண்டாலே சிலர் ஒதுங்கிப்போன நாட்கள் அவை. தயங்கியவரின் மனத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. பின்னர் மே 1ஆம் தேதி, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் குடிநுழைவுத் துறையினர் பிடித்துச் சென்றார்கள். இத்தகைய சோதனைகளால் நோயுற்றோர் ஒளிந்துகொள்வார்கள் என்று ஐக்கிய நாட்டு அமைப்பினரும் மனித உரிமையாளர்களும் எச்சரித்தார்கள். செலாயாங்கிலும் அந்த அச்சம் இருந்தது. சட்டத்தின் நியாயம் ஒரு புறம் இருக்கட்டும். ஒளிந்தவன் மூச்சு விடுவதை நிறுத்திவிடுவதில்லை.

இனி, இது பள்ளிப் பிள்ளையோடு எவ்வாறு சேர்கிறது என்று கேட்கலாம். நம் கடையின் மாடியறையில் தங்கியிருக்கும் பணியாளருக்குக் காய்ச்சல் வருகிறது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவர் எண்ணுகிறார். சொல்லாமல் பரோட்டாக் கல்லின் முன் நிற்கிறார். மறுநாள் கல்லாவில் இருக்கும் முதலாளிக்குத் தொண்டை கரகரக்கிறது. இரவில் அவர் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். மூன்றாம் நாள் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. வகுப்பறையில் தொடங்கியதாக நாம் நினைக்கும் நோய், நம் கடையின் சம்பளக் கணக்கில் தொடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்லிவிடுவது நலம். 1955ஆம் வருட வேலைச் சட்டப்படி, மருத்துவர் சீட்டுக் கொடுத்தால் பணியாளருக்குச் சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாட்கள். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாட்கள். அதற்கு மேல் 22 நாட்கள். சட்டப்படி வேலைக்கு அமர்த்திய வெளிநாட்டுப் பணியாளருக்கும் இது பொருந்தும். ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து நம்மிடம் வேலை செய்பவர்கள் இதைக் கேட்டு வாங்குவது அருமை. கேட்க அவர்களுக்குக் கூச்சம். ஆதலால் முதலாளிதான் முந்திச் சொல்ல வேண்டும். "காய்ச்சலென்றால் சொல், சம்பளம் பிடிக்க மாட்டேன், சாப்பாடு மாடிக்கு வரும்" என்னும் மூன்று வார்த்தைகள், வாசலில் வைக்கும் கிருமிநாசினிப் போத்தலை விடக் கடையையும் பிள்ளைகளையும் நன்றாகக் காக்கும். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று நினைக்காத முதலாளிகள் 2020இல் இரண்டு வாரம் கடையடைத்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு விசேஷ நிலைமை உண்டு. அவர்கள் நாளொன்றுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் உட்காருவதில்லை. காலையில் தேசியப் பள்ளி அல்லது தமிழ்ப்பள்ளி. மதியத்துக்கு மேல் சமயப் பள்ளி அல்லது காஃபா வகுப்பு. மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதும் மதரஸா. வாரத்தில் இரண்டு நாள் டியூஷன். ஒரே பிள்ளை மூன்று நான்கு கூட்டங்களில் மூச்சு விடுகிறது. காலைப் பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, மாலையில் "கொஞ்சம் தேவலை" என்று ஓதும் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஓதுவது தடைப்படலாகாது என்னும் நல்லெண்ணம் அது. ஆனால் ஓதும் இடத்தில் பிள்ளைகள் தோளோடு தோள் உரசி, உரக்க ஓதுகிறார்கள். உரத்த குரலில் மௌனத்தைக் காட்டிலும் பன்மடங்கு துளிகள் வெளிப்படுகின்றன. எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் உச்சரிப்பையும் குனிந்து கேட்டுத் திருத்தும் ஹஜ்ரத் அவர்கள் பெரும்பாலும் வயதானவர். ஒரு வகுப்புக்கு லீவு என்றால் எல்லா வகுப்புக்கும் லீவு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அத்துடன் அறையையும் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பள்ளிகளின் பழைய கட்டடங்களில் இரு புறமும் சட்டமிட்ட கண்ணாடி ஜன்னல்களும் மேலே மின்விசிறிகளும் இருக்கின்றன. வெப்பத்துக்காகக் கட்டியவை நோய்க்கும் நல்லதாயின. கவலை தருபவை கடைவரிசைகளின் மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்புகளும், பாலர் வகுப்புகளும், ஓதும் வகுப்புகளுமே. முன்னால் ஒரு ஜன்னல், அதுவும் விளம்பரப் பலகையால் மூடியிருக்கும். பின்னால் ஒரு கதவு, அதுவும் திருடருக்குப் பயந்து பூட்டியிருக்கும். நடுவில் குளிர்சாதனம். வீடுகளிலும் கடைகளிலும் சாதாரணமாக மாட்டும் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. இருபத்தைந்து பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் விட்ட மூச்சையே அவர்கள் மீண்டும் இழுக்கிறார்கள். இந்த மாடிகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் நம்மவர்களே. விளம்பரப் பலகையை ஓரடி நகர்த்துவதற்கும், பின்கதவுக்குக் கம்பிக் கதவு போட்டுக் காற்றுக்குத் திறந்து வைப்பதற்கும், வெளியேற்று விசிறி ஒன்று பொருத்துவதற்கும் ஒரு நாள் வியாபாரத்தின் லாபம் போதும். நோய் பரவும் காலத்தில் இருமல் உள்ளவர்களும், வீட்டில் நோயாளி உள்ளவர்களும் முகக்கவசம் அணிவது இன்றைக்கும் பயனுள்ளதே. ஐந்து வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி நாள் முழுதும் அணியச் செய்வதைவிட, அந்த அறையின் ஜன்னலைத் திறப்பது காரியமாகும்.

எல்லா நோய்க்கும் ஜன்னல் மருந்தாகாது. கை, கால், வாய்ப்புண் நோய் என்று ஒன்று இந்நாட்டுப் பாலர் பள்ளிகளில் அடிக்கடி வருகிறது. 1997இல் சரவாக்கில் அது கொடிய வடிவில் தோன்றிப் பல குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. அது கொப்புளத்து நீர், எச்சில், மலம் வழியாகவும் பரவும். இதற்குக் கைகழுவுவதே பிரதானம். அதிலும் சாராய வகைக் கிருமிநாசினியை இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொள்வது இக்கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்று எத்தனை பெற்றோர் விசாரித்திருக்கிறோம்? மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர் ஒருவர், பிள்ளை படிக்கும் பள்ளிக்கு மாதம் ஒரு பெட்டி சோப்பு அனுப்பினால் அது ஒரு நல்ல ஸதகா.

எத்தனை நாள் வீட்டில் வைப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் சூடு இல்லாதிருந்து, இருமலும் குறைந்து, பிள்ளை பழையபடி சாப்பிட்டு விளையாடினால் பொதுவாக அனுப்பலாம். கொப்புள நோயானால் காய்ச்சலும் நின்று, கொப்புளங்களும் காய்ந்திருக்க வேண்டும். மருத்துவர் இன்னும் சில நாட்கள் குறித்துக் கொடுத்திருந்தால் அவர் சொல்வதே சரி. பிள்ளை மூச்சு வாங்கினாலும், தண்ணீர் குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடந்தாலும், வலிப்புக் கண்டாலும், கடை மூடும் நேரம் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2021 செப்டம்பரில் 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கும், 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயது வரை உள்ளவர்களுக்கும் இந்நாட்டில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. அதற்கு முன்னரே, 2020 டிசம்பரில், தேசிய பத்வா குழு அதை அனுமதித்திருந்தது. கோவிட் ஊசி குறித்து வீண் வதந்திகளைக் கேட்டுக் கலங்கிய சிலர், அதன்பின் தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான வழக்கமான ஊசிகளையும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இது பெருந்தவறு. முதல் வகுப்பில் பள்ளியிலேயே போடப்படும் ஊசிக்குச் சம்மதக் கடிதம் வரும்போது, மார்க்கச் சந்தேகம் இருந்தால் ஆலிமிடமும், உடல்நலச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிய வேண்டும். கைப்பேசியில் சுற்றிவரும் செய்தியிடம் இரண்டையும் கேட்கலாகாது. வீட்டில் முதியோர் இருந்தால் ஆண்டுதோறும் போடும் இன்ஃபுளுவென்சா ஊசியைப் பற்றிக் கிளினிக்கில் விசாரிப்பது நன்று.

தாயின் தராசுக்குத் திரும்புவோம். அதில் மறைப்பதன் லாபத்தைக் குறைக்க வேண்டும். காய்ச்சல் நாளில் தாய் கல்லாவிலிருந்து விலகி வீட்டில் இருக்கலாம் என்று தகப்பனார் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஒரே வரிசையில் கடை வைத்திருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, ஒருவர் கல்லாவை மற்றவர் பார்த்துக்கொள்வதென்று பேசி வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கும் மையித்துக்கும் செய்கிறோமே, அதே ஒத்தாசைதான். விட்டுப்போன பாடத்துக்கு இன்று வழி சுலபம். வகுப்புத் தோழனின் நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, சங்கத்தில் பெரிய வகுப்புப் படிக்கும் பையன்கள் இரண்டு மாலை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம்.

இதில் ஆதரவற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செலாயாங்கில் ரோஹிங்யா அகதிகளின் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளியில் இடமின்றிச் சமூகக் கல்வி நிலையங்களில் படித்து வந்திருக்கிறார்கள். அவர்களும் நம் பிள்ளைகளும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள், ஒரே கடையில் பொருள் வாங்குகிறார்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுகிறார்கள். கிளினிக்குக்குப் போகக் காசும் ஆவணமும் இல்லாத தகப்பன் பிள்ளையின் காய்ச்சலை வெளியே சொல்ல மாட்டான். அத்தகைய பிள்ளையின் மருத்துவச் செலவை ஏற்கச் சங்கங்கள் தங்கள் ஸதகா நிதியில் சிறு தொகை ஒதுக்கினால், அது தர்மமுமாகும், நம் பிள்ளைகளுக்குக் காவலுமாகும்.

கடைசியாக, நம் சங்க ஆண்டு விழாக்களில் நாமே செய்துவரும் ஒரு காரியம். நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு பரிசு, ஒழுக்கத்துக்கு ஒரு பரிசு, ஆண்டு முழுவதும் ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு ஒரு பரிசு. மேடையில் கைதட்டலும் புகைப்படமும் உண்டு. அந்த மூன்றாவது பரிசுக்காகக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! அந்தப் பரிசை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் உடல் வெப்பமானிகள் வாங்கி, அங்கத்தினர் வீடுகளுக்கு ஒவ்வொன்று கொடுக்கலாம் என்பது நம் யோசனை. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுகிறோம். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள் அங்கேயும் பேசலாம். மருத்துவச் சீட்டோடு எடுத்த லீவைப் பரிசுக் கணக்கில் சேர்க்காமல் விடவாவது ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

குணமாகித் திரும்பும் பிள்ளையோடு வகுப்பாசிரியருக்கு ஒரு சிறு கடிதம் கொடுத்தனுப்புவது நல்லது. என்ன நோய், எந்தத் தேதியில் தொடங்கியது, யாருடன் ஒரே மேசையில் உட்கார்ந்தது, எந்தப் பாடங்கள் விட்டுப்போயின என்று நான்கு வரி எழுதினால் போதும். முதல் வாரம் விளையாட்டு மைதானத்தில் ஓடவிடாமல் இருக்கும்படியும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். கடிதத்தின் நகல் ஒன்று மாலையில் ஓதும் பள்ளி ஹஜ்ரத் அவர்களிடமும் போய்ச் சேரட்டும்.